முப்பத்தோராவது தாங்கி

பேராதனை
14.03.1982

திருமதி செ. அன்னலட்சுமி அவர்களுக்கு,

கண்டி மாவட்டச் சாண வாயுத் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் ஸ்ரீஸ்கந்தராசா எழுதுவது. நல்ல செய்தி. உங்கள் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வாயுத் தாங்கி கட்ட அனுமதி வந்துவிட்டது. கல், சீமெந்து, மேசன் கூலி எல்லாவற்றிலும் பாதியை அரசாங்கம் மானியமாகத் தரும். குழியை நீங்களே வெட்டுவதாகச் சொன்னபடியால் உங்கள் பங்கு இன்னும் குறையும்.

சென்ற மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து, பால் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் படிவத்தை நிரப்பினேனே, அது ஒரு மறுகேள்வியும் இல்லாமல் கொழும்பில் தேறிவிட்டது. நான் அனுப்பும் படிவங்கள் திரும்பி வருவதில்லை. பதினெட்டு வருட சேவையில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டது கிடையாது. வெறும் கட்டத்தைக் கண்டால் கோப்பை மூடி வைக்க அவர்களுக்கு அது ஒரு சாட்டு.

குழி எட்டடி ஆழம் இருக்கவேண்டும். மேசன் வந்து அதற்குள் செங்கல்லால் உருண்டையாகக் கட்டி, மேலே கவிழ்த்த சட்டிபோல் மூடுவார். சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றுங்கள். வைக்கோல், கல் விழக்கூடாது. மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு வாயு ஊறும். அதுவரை பக்கத்தில் நெருப்புக்குச்சி கொண்டுபோக வேண்டாம்.

நாட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசை, விறகுக்குக் காடு அழிகிறது. மூன்று மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் தன் அடுப்பைத் தானே எரிக்கலாம் என்பதுதான் இந்தக் கொள்கை. நான் இதை நம்புகிறேன். சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
க. ஸ்ரீஸ்கந்தராசா


நாவலப்பிட்டி
02.06.1982

ஐயா அவர்களுக்கு அன்னலட்சுமி எழுதுவது.

கேஸ் எரிகிறது. முந்தாநாள் காலையில் நல்லம்மாதான் பற்றவைத்தாள். நான் ஒரு வாளி தண்ணீரோடு வாசலில் நின்றேன், வீடு பறந்தால் ஊற்றலாம் என்று. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, வீடு பறந்தா அந்த ஒரு வாளித் தண்ணி என்னாத்துக்கு?" என்று கேட்கிறாள். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. புகை இல்லை. முப்பது வருஷம் புகை குடித்த தொண்டை எனக்கு. அன்றைக்கு இருமாமல் தேத்தண்ணி வைத்தேன். வைத்து முடிந்ததும் ஏனென்று தெரியாமல் அழுதேன்.

இங்கே உங்களுக்குச் சாணி ஐயா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபிக்காதீர்கள். என்னையும் விடவில்லை. சாணி அடுப்பில் காய்ச்சின பால் தீட்டாம், இனி என்னிடம் பால் வாங்கமாட்டார்களாம். நானும் விடவில்லை. "சாணியில பொறந்த துன்னூறு நெத்திக்கு ஆகுது, சாணியில பொறந்த நெருப்பு அடுப்புக்கு ஆகாதா?" என்று கேட்டேன். மறுநாள் எல்லாரும் செம்போடு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மஸீனா உம்மா வந்து, பிளேன்டீ குடித்து, "என்னவோ புள்ள, சாணி மணமே இல்லயே" என்று இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உங்கள் தாங்கி மூன்று மாசத்தில் வந்துவிட்டது. இந்தியாக்காரர் என்று ஒதுக்கிவைத்த எங்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது எழுதிப் போட்டது; பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் போய்ச் சேர்ந்தார், அது வந்து சேரவில்லை. நல்லம்மா பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு எடுப்பார்களாம், ஆனால் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கிறார்கள். நாங்கள் இருக்கிற இந்தக் காணித் துண்டுக்கு அனுமதி தரவும் அதைத்தான் கேட்கிறார்கள். கொழும்பில் உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்னலட்சுமி


பேராதனை
20.11.1982

அன்னலட்சுமி அம்மாவுக்கு,

அடுத்த மாதம் கண்டியில் எங்கள் திட்டத்துக்கு விழா. அமைச்சர் வருகிறார். நீங்களும் மகளும் கட்டாயம் வரவேண்டும். மாவட்டத்துக்கு இந்த வருடம் நூறு தாங்கி என்று சுற்றறிக்கை. நாங்கள் கட்டி முடித்தது முப்பத்தொன்று. உங்களுடையதுதான் அந்த முப்பத்தோராவது. மற்ற முப்பதில் பாதி எரிவதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மானியத்துக்காகக் கட்டிவிட்டு மாட்டை விற்றவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் அடுப்பைப் படம் பிடித்து, சிங்களத்திலும் தமிழிலும் அச்சடிக்கும் கையேட்டில் போடுகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து என் மனைவி பத்மாதேவி எழுதியிருக்கிறா: "படிச்சதென்ன, இப்ப அள்ளுறதென்ன?" என்று. உங்கள் அடுப்பின் படத்தை அவவுக்கு அனுப்பப் போகிறேன். எனக்கு உதவிப் பணிப்பாளர் பதவி கிடைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கிடைத்தால் அதில் உங்கள் மாடுகளுக்கும் பங்கு உண்டு.

பிரஜாவுரிமை விஷயமாக எனக்குக் கொழும்பில் ஒருவரையும் தெரியாது. ஆனால் அரசாங்க மானியம் பெற்றவர் என்ற பத்திரம் உங்களிடம் இருக்கிறது. எந்த விசாரணைக்குப் போனாலும் அதைக் கொண்டுபோங்கள். மதிப்பாக இருக்கும்.

ஸ்ரீஸ்கந்தராசா


நாவலப்பிட்டி
16.02.1983

ஐயா,

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்து இரண்டு நாளாகிறது.

பிறப்புப் பத்திரம், பங்கீட்டுப் புத்தகம், என் வீட்டுக்காரரின் றெயில்வே வேலைச் சீட்டு எல்லாம் கொண்டுபோனேன். நீங்கள் சொன்னபடி மானியப் பத்திரத்தையும், அதோடு தைத்திருந்த படிவத்தின் பிரதியையும் கொண்டுபோனேன். எல்லாவற்றுக்கும் மேலே அதைத்தான் வைத்தேன். என் அடுப்பின் படம் போட்ட கையேட்டையும் காட்டினேன். பெருமை ஐயா, பெருமை.

விசாரணை நடத்தின துரை படிவத்தை வாசித்தார். ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "நீ ஏற்கெனவே இலங்கைப் பிரஜைன்னு இதில கையெழுத்து வச்சிருக்கியே. அப்புறம் எதுக்கு இந்த விண்ணப்பம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அன்றைக்குப் பால் வாளியின்மேல் வைத்து எழுதும்போது நீங்கள் கேட்டீர்கள்: "பிரஜாவுரிமை இருக்கோ?" நான் சொன்னேன்: "எழுதிப் போட்டிருக்குங்க ஐயா, இன்னும் வரல்ல." நீங்கள் சொன்னீர்கள்: "அப்ப வந்த மாதிரித்தான்." சொல்லிவிட்டு எழுதினீர்கள். சிங்களத்தில் எழுதினீர்கள். அதை நான் எப்படி வாசிப்பேன்? காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

எங்களுக்குப் பொய் சொல்லித் தாங்கி வாங்கவேண்டிய தேவை இல்லை. விறகு வெட்டியே சமைத்திருப்பேன். ஏப்ரல் ஐந்தாம் திகதி திரும்ப வரச்சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் என்னோடு வாருங்கள். வரமுடியாவிட்டால் நடந்ததை நடந்தபடி ஒரு கடிதம் எழுதுங்கள். அது போதும். நல்லம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அன்னலட்சுமி


பேராதனை
03.03.1983

அன்னலட்சுமி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மனம் மிகவும் வருந்தினேன். இது ஒரு சிறிய விளக்கக் குறைவுதான், பெரிதாக எடுக்கவேண்டாம்.

நான் நேரில் வருவது நல்லதல்ல. ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வந்து பக்கத்தில் நின்றால் உங்கள் வழக்கு பலவீனமாகும். காலம் அப்படி இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஒரு விளக்கம் நேரடியாகக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். திணைக்களத்துக்கும் மானியத்துக்கும் பாதகமில்லாமல் எழுதவேண்டியிருந்தது. மானியம் பிரஜைகளுக்கு மட்டும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. அதை அறிந்துகொண்டே கொடுத்தோம் என்று வந்தால் மற்றத் தாங்கிகளையும் கிளறுவார்கள். பிறகு திட்டமே நின்றுவிடும்.

யார் எழுதினார்கள் என்று கேட்டால் நீங்களாகப் பெயர் சொல்லவேண்டாம். கேட்கமாட்டார்கள். நல்லம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா


நாவலப்பிட்டி
11.05.1983

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு,

ஐயா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நீங்கள் கொழும்புக்கு அனுப்பின விளக்கத்தை விசாரணையில் வாசித்துத் தமிழிலும் சொன்னார்கள். "விண்ணப்பதாரி எழுத்தறிவு குறைந்தவர். விளக்கமின்மையால் பிழையான தகவலைத் தந்திருக்கலாம்." இதுதானே நீங்கள் எழுதியது? நான் தந்தேனா? நான் தந்த தகவல் என்ன, நீங்கள் எழுதினது என்ன? எனக்கு எழுத்தறிவு குறைவு என்றால் இந்தக் கடிதங்களை இத்தனை நாளும் உங்களுக்கு எந்தக் கழுதை எழுதினது?

நான் அங்கேயே நின்று சொன்னேன்: "எழுதுனது அவருங்க, நான் இல்லீங்க." அந்தத் துரை, உங்கள் கடிதத்தின் கீழே இருந்த முத்திரையைக் காட்டினார். முத்திரைக்கு முன்னால் என் வாய் எம்மாத்திரம்.

ஆறாம் திகதி போட்ட கடிதம் வந்துவிட்டது. பொய்யான வாக்குமூலம் கொடுத்தவர் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. எனக்கு மட்டுமில்லை, என் விண்ணப்பத்தில் அடங்கிய நல்லம்மாவுக்கும்தான். பதின்மூன்று வருஷம் காத்திருந்தோம். உங்களுக்கு அது ஒரு கட்டம். அது வெறுமையாக இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. எனக்கு அதுதான் வீடு, அதுதான் என் பிள்ளையின் வேலை.

தொண்ணூறு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாமாம். ஆகஸ்ட் நாலாம் திகதியோடு முடிகிறது. உங்களிடம் ஒரே ஒரு வரிதான் கேட்கிறேன். "பிரஜை என்று எழுதியது நான், அவர் அல்ல." இவ்வளவுதான். முத்திரையோடு.

கேஸ் இப்போதும் நன்றாகத்தான் எரிகிறது. அதில் உலை வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அன்னலட்சுமி


பேராதனை
30.06.1983

அன்னலட்சுமி அம்மாவுக்கு,

ஏழு கிழமையாகப் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதத் தொடங்கியவற்றைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் சொன்னது எல்லாம் சரி. அப்படி எழுதியிருக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஜூலை 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம். அதற்கு முன்னர் நீங்கள் கேட்ட வரியை எழுதினால், உயர்வு ஒருபுறம் இருக்க, இருக்கிற வேலையும் போகும். பத்மாதேவி யாழ்ப்பாணத்தில் தனியாகப் பட்டது போதும் என்று எழுதியிருக்கிறா. இந்த உயர்வோடு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்கலாம் என்று நினைத்திருந்தோம்.

நேர்முகம் முடியட்டும். 25ஆம் திகதி திங்கட்கிழமை என் கையால் அந்த வரியை எழுதுகிறேன். முத்திரையும் வைப்பேன். நாலாம் திகதிக்குப் பத்து நாள் இருக்கும். அது போதும். தயவுசெய்து பொறுங்கள். இது என் வாக்கு.

ஸ்ரீஸ்கந்தராசா


கொக்குவில், யாழ்ப்பாணம்
18.09.1983

அன்னலட்சுமி அம்மாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களோ தெரியாது. எந்த விலாசத்துக்கு எழுதுவதென்றும் தெரியாமல் மஸீனா உம்மாவின் பெயருக்கு அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை எழுதினேன். இதை நீங்கள் நம்பவேண்டும். கொழும்பில் கலவரம் என்று றேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கந்தோரில் இருந்து அந்தக் கடிதத்தை எழுதி முத்திரையும் வைத்தேன். தபால் நேரம் இருந்தது. தபாற்கந்தோர் பக்கத்தில்தான். ஆனால் நேர்முகத்தின் முடிவு அடுத்தநாள் வரும் என்று ஒருவர் சொன்னார். ஒரு நாள்தானே என்று கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அடுத்தநாள் செவ்வாய்க்கிழமை. கண்டி பற்றி எரிந்தது. கந்தோருக்கும் வந்தார்கள். தமிழரின் மேசைகளைப் பார்த்துப் பார்த்து வெளியில் இழுத்துக் கொளுத்தினார்களாம். யாருடைய மேசை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என்னை ஒரு சிங்களச் சாரதி லொறியில் சாக்குகளுக்குக் கீழே படுக்கவைத்துக் கொண்டுபோய்த் தப்பவைத்தான். அகதி முகாமில் பதினொரு நாள். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கப்பல். கரையில் இறங்கியதும் முதல் வேலையாக நடந்ததை நடந்தபடி எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். பதில் வந்தது: மேன்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டது. என் கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தும் வைக்கிறேன்.

பத்மாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு வர ஒரு வீடு இருந்தது. அந்த மனிசிக்கு எது இருக்கு?" என்று கேட்டா.

பதவி உயர்வு கிடைத்துவிட்டதாகப் போன கிழமை கடிதம் வந்தது. நான் பதில் போடவில்லை. போடப்போவதுமில்லை.

என் கேள்வி மடத்தனமாக இருக்கலாம். தாங்கி இருக்கிறதா?

ஸ்ரீஸ்கந்தராசா


வவுனியா
22.01.1984

ஐயாவுக்கு அன்னலட்சுமி எழுதுவது.

மஸீனா உம்மா உங்கள் கடிதத்தை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். நாலு மாசம் கை மாறி வந்திருக்கிறது. நானும் நல்லம்மாவும் உயிரோடு இருக்கிறோம்.

தாங்கி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. மற்ற வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் கடப்பாரையோடு வந்தார்கள். பூமிக்குள்ளே உருண்டையாகக் கட்டினது, குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டிக் கொடுத்தது யாழ்ப்பாணத்துக்காரர். அது புலிகள் ஒளியவும் துவக்கு மறைக்கவும் கட்டின பங்கர் என்று கதை கட்டியிருக்கிறார்கள். பட்டப்பகலில், மஸீனா உம்மாவின் அறை ஜன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைத்தார்கள், உடைத்தார்கள், உள்ளே இருந்து சாணிதான் வந்தது. துவக்கைத் தேடி இடுப்பளவு சாணியில் இறங்கினார்கள். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் மாட்டை வெட்டினார்கள். மூன்றையும். பிறகு வீட்டைக் கொளுத்தினார்கள்.

மஸீனா உம்மா எங்களை இரண்டு நாள் அலுமாரிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார். கதவைத் தட்டினவர்களிடம் அல்லாஹ்மேல் ஆணையிட்டுப் பொய் சொன்னார். எங்களுக்காகச் சொன்ன பொய்யில் அது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றினது.

காணிக்குத் திரும்பிப் போகலாம் என்று பார்த்தோம். அனுமதி இல்லாத காணி, பிரஜை இல்லாத ஆள், வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அதன்பிறகுதான் லொறி ஏறி வவுனியாவுக்கு வந்தோம். காட்டு ஓரத்தில் கொட்டில் போட்டிருக்கிறோம். இங்கே விறகு அடுப்பு. இருமல் திரும்பி வந்துவிட்டது. நல்லம்மா விறகுக்குப் போகிறாள். ஆசிரியை வேலையைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

நீங்கள் அனுப்பின பிரதியை நான் இரண்டு தரம் வாசித்தேன். உண்மையான கடிதம். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். திங்கட்கிழமை எழுதினீர்கள் என்பதை நம்புகிறேன். நம்புவதால்தான் பொறுக்க முடியவில்லை. எழுதாமலே இருந்திருந்தால் கல்நெஞ்சுக்காரர் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன். உங்களை மன்னித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், பத்மாதேவி அம்மாவுக்காகவாவது. மனம் வரவில்லை ஐயா.

போன கிழமை பொங்கலுக்கு முதல் நாள், அரிசியும் பருப்பும் கொடுப்பதற்குப் பதிய யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். பெயர், வயது, எங்கேயிருந்து வந்தது, எத்தனை பேர். எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் பேனையை நிறுத்தினாள்.

"பிரஜாவுரிமை எண்டு கிடக்கு. என்ன எழுத அம்மா?"

"ஒண்ணும் எழுதாதம்மா," என்றேன்.

"வெறுமையா விட்டா பங்கீடு தரமாட்டினம் அம்மா. இருக்கெண்டு போட்டுவிடுறனே, ஆர் பாக்கப் போகினம்?"

நல்லம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பசி. எனக்கும்தான்.

நான் அந்தப் பிள்ளையின் கையிலிருந்து பேனையை வாங்கி மூடிக் கொடுத்தேன். அந்தக் கட்டம் அப்படியே வெறுமையாக இருந்தது. பொங்கலன்று நாங்கள் அடுப்பு மூட்டவில்லை.

அன்னலட்சுமி